சிறு கடையும் இணைய விளம்பரமும்



தில்லி மாநகரில் யமுனையாற்றின் கிழக்குக் கரையில் மயூர் விஹார் என்னும் குடியிருப்பு இருக்கிறது. தமிழரும் மலையாளிகளும் நிரம்ப வாழும் பகுதி அது. அங்கே, அரைத்த இட்லி மாவும் காப்பிப் பொடியும் விற்கும் சிறு கடை ஒன்றைக் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் 2022-ஆம் ஆண்டிலிருந்து நடத்தி வருகிறோம். வாணிபத்தை நூல் வழியே கற்றவர்கள் அல்லோம். விளம்பரத் துறையில் பழகியவர்களும் அல்லோம். எனினும், சொற்பப் பணத்தைக் கொண்டு ஒரு சிறு கடையை இணையத்தின் வழியே அக்கம்பக்கத்தார் அறியச் செய்வது எப்படி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற எங்களுக்குத் தகுதி உண்டென்று எண்ணுகிறோம். அத்தகுதி யாதெனில், அந்த முயற்சியில் நாங்கள் பணத்தை இழந்திருக்கிறோம் என்பதே.

புணேயில் மெஸ் நடத்துவோர், சூரத்தில் தையற்கடை வைத்திருப்போர், கொல்கத்தாவில் வீட்டிலிருந்தபடியே முறுக்கும் தட்டையும் சுட்டு விற்கும் சகோதரிமார் ஆகிய எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணம் உண்டு. நம்மவர் நாலு பேர் இருக்கிற இடம். பண்டம் நன்றாயிருந்தால் செய்தி தானே பரவிவிடும் என்பது அந்த எண்ணம். எங்களுக்கும் அது இருந்தது. முதல் ஆறேழு மாதம் அது பொய்க்கவும் இல்லை. கோயிலில் பார்த்தவர்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். ஆனால், வெளி மாநிலத்தில் வாழும் தமிழரின் இருப்பு நிலையானதன்று. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. நொய்டாவில் கணினி வேலை பார்க்கும் இளைஞர் அடுத்த ஆண்டே பெங்களூருக்குப் போய்விடுகிறார். ஓய்வு பெற்ற பெரியவர் மகன் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் புறப்பட்டுவிடுகிறார். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் கணக்கைப் புரட்டியபோது, வாடிக்கையாக வாங்கி வந்தவர்களில் பதினெட்டுக் குடும்பங்கள் தில்லியிலேயே இல்லை. கடை வாடகை மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

அச்சமயத்தில்தான் விளம்பரம் செய்தாலென்ன என்று தோன்றிற்று. கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த கிரைண்டரின் கல் தேய்ந்திருந்தது. அதை மாற்றுவதற்கென்று 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தோம். அந்தப் பணத்தில் 12,000 ரூபாயை இன்ஸ்டாகிராம், பேஸ்புக் விளம்பரத்தில் போட்டோம். விளம்பரத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டென்பதை அப்போதுதான் அறிந்தோம். அது ஒரு 2,160 ரூபாய். ஆக, கல்லுக்கென்று வைத்த பணம் முழுவதும் என்றே சொல்லலாம், இருபது நாளில் தீர்ந்தது.

என்ன கிடைத்தது? அழகான இட்லிப் படத்தைத் தொள்ளாயிரம் பேர் விரும்பினார்கள். முப்பத்தொரு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். மாவு வாங்கியவர்கள் எழுவர்.

இதற்குக் காரணம் விளம்பரத்தின் குற்றமன்று, எங்கள் குற்றமே. விளம்பரம் எவ்வளவு தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கும் இடத்தில், கடையை நடுவாக வைத்துப் பத்துக் கிலோமீட்டர் வட்டம் ஒன்றைப் போட்டிருந்தோம். பெரிய வட்டமென்றால் பெரிய வியாபாரம் என்பது எங்கள் கணக்கு. வட்டத்துக்கு ஆறு தெரியாது. அது யமுனையைத் தாண்டிக் கன்னாட் பிளேஸையும் லாஜ்பத் நகரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கிருந்து அழைத்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே: “வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா?” ஒரு கிலோ மாவைப் பாலம் கடந்து கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி அந்த மாவின் விலையைக் காட்டிலும் அதிகம்.

இட்லி மாவு வாங்குபவர் யார் என்பதை நாங்கள் ஆற அமர எண்ணிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். நாளைக் காலைச் சிற்றுண்டியை இன்று மாலையில் நினைத்துக்கொள்பவரே அவர். செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷத்தில் போய்வரக்கூடிய தூரமே அவ்வேளையில் அவருக்கு உலகம். அந்தச் சிறிய உலகத்துக்குள், அவர் தேடுகிற அந்தக் கணத்தில், நம் கடை தவறாமல் கண்ணில் பட வேண்டும். சிறு கடைக்கு வேண்டிய விளம்பரம் இவ்வளவே. வியப்பு என்னவென்றால், இதில் பெரும்பகுதிக்குக் காசே வேண்டியதில்லை.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்துகொள்வது இலவசம். கடைப் பலகையையும் வாயிலையும் உட்புறத்தையும் கைப்பேசியால் படமெடுத்து அனுப்பி, கடை நம்முடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே சமைத்து விற்கும் சகோதரிமார் தம் வீட்டு முகவரி ஊராருக்குத் தெரியலாகாது என்று அஞ்சத் தேவையில்லை. முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிக்குப் பண்டம் தருகிறோம் என்பதை மட்டும் காட்டவும் அங்கே இடமுண்டு. பெயர் எழுதுமிடத்தில் பலகையில் உள்ள பெயரையே எழுத வேண்டும். ‘தில்லியிலேயே தலைசிறந்த’ என்று அடைமொழி சேர்த்தால் விதிக்கு முரணாகும். பதிவே நிறுத்தி வைக்கப்படலாம்.

நாங்களும் 2022-லேயே பதிவு செய்திருந்தோம். செய்ததோடு சரி, அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. விளம்பரத்தில் பணம் போன பிறகு, ஒருநாள் புதியவர் ஒருவரைப் போல எங்கள் கடையை நாங்களே கைப்பேசியில் தேடி, அது காட்டிய வழியில் நடந்து பார்த்தோம். எங்கள் குடியிருப்புத் தொகுதியின் பின்வாசலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திற்று. அந்தக் கதவைக் குடியிருப்போர் சங்கத்தார் பூட்டி ஓராண்டுக்கு மேலாகிறது! கம்பிகளுக்கு அப்பால் எங்கள் கடையின் முதுகு தெரிந்தது. எத்தனை பேர் அந்தக் கதவுவரை வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பியிருப்பார்களோ, யார் கண்டார்? வரைபடக் குறியை முன்வாசலுக்கு நகர்த்த இரண்டு நிமிஷம் ஆயிற்று. செலவு ஒன்றுமில்லை.

நேரமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பதிவில் இருந்தது. உண்மையில் ஞாயிறுதான் எங்களுக்கு நல்ல வியாபாரம், திங்கட்கிழமை மூடுகிறோம். “உங்கள் கடை இன்று கிடையாதென்று போன் சொல்கிறதே, அண்ணா?” என்று ஒரு பெண்மணி கடைக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டபோதுதான் எங்களுக்கு விழிப்பு வந்தது. பொங்கலுக்கும் ஹோலிக்கும் தீபாவளிக்கும் அன்றன்றைய நேரத்தைத் தனியே குறிக்கலாம். வெளி மாநிலத்துக் கடைகளுக்கு இது மிக முக்கியம். நம் பண்டிகையன்று நாம் மூடுவோம் என்பது அக்கம்பக்கத்தார் அறியாதது, அவர்கள் பண்டிகையன்று நாம் திறந்திருப்போம் என்பதும் அவர்கள் எதிர்பாராதது.

அடுத்தது சொல். இதை நாங்கள் பெரிதும் வற்புறுத்துவோம். ‘மாவு’ என்றும் ‘தோசை’ என்றும் தில்லியில் தேடுபவர்கள் நாமே. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பமும் மாடியிலுள்ள பீகார்க் குடும்பமும் ‘டோசா பேட்டர்’ என்று தேடுகின்றன. சிலர் இந்தியில் ‘கோல்’ என்கிறார்கள். எங்கள் பலகையில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. இணையத்தில் போட்ட விவரங்களிலோ, கும்பகோணம் டிகிரி காப்பியின் மணத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தோமேயன்றி, ‘இட்லி டோசா பேட்டர் கிடைக்கும்’ என்ற எளிய வாக்கியம் எங்கும் இல்லை! நம் ஊர்ப் பெருமையை எழுதுவதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. வாங்குபவர் அதைத் தேடி வரவில்லை. விவரங்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் திருத்தி எழுதினோம். உணவு விற்போர் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண்ணையும் சேர்த்துக் காட்டுவது நலம். நம்மை அறியாதவருக்கு அது ஒரு நம்பிக்கை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பதிவு செய்த சில வாரங்களில், கூகுளிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, பணம் கட்டாவிடில் கடை வரைபடத்திலிருந்து நீங்கிவிடும் என்பார். வேறொருவர், ஐம்பது கிலோ மாவு வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்பார். இரண்டும் மோசடி. வரைபடப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யூபிஐ வழியே பணம் பெறுவதற்கு நாம் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண் போடவும் வேண்டாம்; அவை பணம் கொடுப்பவரின் வேலை. ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வாட்ஸ்ஆப்பின் வியாபாரச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. பண்டங்களின் படமும் விலையும் கொண்ட பட்டியலை அதில் வைக்கலாம். அதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை; நம் வீட்டுப் பிள்ளைகள் அரை மணியில் அமைத்துத் தருவார்கள். நாங்கள் செய்த தவற்றை மட்டும் கூறுகிறோம். தமிழர் குழு ஒன்றில் இருந்த எண்களையெல்லாம் எடுத்து, எல்லோருக்கும் விலைப்பட்டியலை அனுப்பினோம். மறுநாள் ஒரு முதிய அம்மையார் கடைக்கே வந்தார். “தம்பி, என் நம்பரை உங்களிடம் நான் எப்போது கொடுத்தேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவர் வருத்தமாகக் கேட்டார். தனிமனிதர் விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், பலர் ஒரே சமயத்தில் நம்மைப் பற்றிப் புகார் செய்தால் நம் எண்ணே முடக்கப்படலாம். இப்போது, கடைக்கு வருபவரிடம் கேட்டு, சம்மதித்தவர் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறோம். நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்க்கே பொது அறிவிப்பு போய்ச் சேரும் என்பதால், அவர்கள் எதிரிலேயே சேமித்துவிடும்படி வேண்டுகிறோம். வாரத்தில் இரண்டே செய்திகள். அதற்கு மேல் அனுப்பினால் மாவு புளிப்பது போல உறவும் புளித்துவிடும்.

இனி, எங்கள் இருவருக்குள் நேர்ந்த ஒரு வழக்கு. தில்லியின் ஜனவரி மாதக் குளிரை அங்கிருப்பவர் அறிவர். சில விடியற்காலைகளில் வெப்பம் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அக்காலத்தில் வீட்டில் அரைத்த மாவு பொங்குவதில்லை. எங்களிடம் வருபவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி அதுவே. இதற்கு விடையை ஒரு நிமிஷப் படமாக எடுத்து இணையத்தில் போடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். “வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நம்மிடம் ஏன் வாங்குவார்கள்?” என்று மற்றவர் கேட்டார். நான்கு நாள் இந்த வாதம் நடந்தது. கடைசியில், 2024 ஜனவரியில், காப்பிப் பொடி டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தோம். வெதுவெதுப்பான நீர்விட்டு அரைப்பது, கையால் கலக்குவது, வெந்நீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்தின் நடுவே மாவுப் பாத்திரத்தை இறக்கி ரஜாயால் மூடி வைப்பது, பன்னிரண்டு மணிக்குப் பதில் பதினெட்டு மணி நேரம் பொறுப்பது ஆகியவற்றை இந்தியில் சொன்னோம். எங்கள் இந்தி இலக்கண சுத்தமானதன்று. அதனால் ஒரு கேடும் விளையவில்லை.

படத்தைப் பார்த்தவர் தொகை பெரிதன்று. ஆயினும், பக்கத்திலுள்ள ஐ.பி. எக்ஸ்டென்ஷனின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் ஒருவருக்கொருவர் அதை அனுப்பிக்கொண்டார்கள். அம்மாதம் எங்கள் கடைக்கு முதன்முறையாக வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழரல்லாதார். பதினெட்டு மணி நேரம் யார் காத்திருப்பது என்பதே அவர்கள் கூறிய காரணம். உண்மையையும் மறைக்கக்கூடாது: பழைய வாடிக்கைக்காரர்களில் மூன்று குடும்பத்தார் படத்தைப் பார்த்து வீட்டிலேயே மாவைப் பொங்க வைக்கக் கற்றுக்கொண்டு, வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வாதத்தில் தோற்றவர் அந்த மூவரை இன்றளவும் நினைவூட்டுவதுண்டு.

பாராட்டுரைகளைப் பற்றி ஒரு சொல். வரைபடத்தில் நம் கடைக்குப் பிறர் தரும் நட்சத்திரங்களைப் பார்த்தே புதியவர்கள் வருகிறார்கள். ஐம்பது பாராட்டுரைகளை 4,000 ரூபாய்க்கு எழுதித் தருவதாக ஒருவர் எங்களிடம் வந்தார். வியாபாரம் மந்தமாயிருந்த வேளை. மனம் சற்றுத் தடுமாறியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இணைய வாணிபத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவரே வாங்குபவர் போல வேடமிட்டுக் கருத்தெழுதுவதைத் தடுக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-ல் இணையக் கருத்துரைகளுக்கென்று ஒரு தரநிலையை வெளியிட்டது. நல்ல கருத்து எழுதினால் விலையில் தள்ளுபடி என்பதைக் கூகுளும் அனுமதிப்பதில்லை. ஆனால், எங்களைத் தடுத்தது இவையல்ல. அவர் மாதிரிக்குக் காட்டிய பாராட்டுரையில், ‘இங்கே பிரியாணி பிரமாதம்’ என்றிருந்தது. நாங்கள் விற்பது மாவு!

மெய்யான கருத்து ஒன்று 2024 மே மாதம் வந்தது. ஒரே நட்சத்திரம். மாவு புளித்துப்போய், பை உப்பி வெடித்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். தில்லியைக் கடும் வெயில் வாட்டிய நாட்கள் அவை. வாங்கியவர் வெயிலில் காரில் வைத்துவிட்டு எங்களைக் குறை கூறுகிறார் என்று சுடச்சுட ஒரு பதில் எழுதினோம். இரவு அதைத் திரும்பப் படித்தபோது, எங்கள் மீதே எங்களுக்கு நல்லெண்ணம் எழவில்லை. நீக்கிவிட்டு, வருத்தம் தெரிவித்து, பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதினோம். அத்துடன், பையின்மேல் தேதியோடு அரைத்த மணியையும் அச்சிடத் தொடங்கினோம். கோடையில் மூன்று மணிக்குப் பின் அரைத்த மாவையே மாலையில் விற்பதென்றும் வைத்துக்கொண்டோம். அவர் பணம் வாங்க வரவில்லை, நட்சத்திரத்தையும் மாற்றவில்லை. ஆனால் அந்தக் குறையையும் பதிலையும் படித்துவிட்டு வந்ததாக வேறு இருவர் சொன்னார்கள். “மணி அச்சடித்த பை எங்கே?” என்று கேட்டே வாங்கினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய செயலிகளில் சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்களிடம் ஒரு நிறுவனத்தார் கேட்ட பங்கு விலையில் கால்பகுதியை ஒட்டி இருந்தது. மாவில் எங்களுக்கு நிற்கும் லாபம் அவ்வளவு கிடையாது; காப்பிப் பொடிக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகலாம். அவரவர் பண்டத்தின் லாபத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரத்தை நாங்கள் அடியோடு கைவிடவில்லை. ஆண்டில் இருமுறை, குளிர்காலத்தில் ஒன்றும் நவராத்திரிக்கு முன் ஒன்றுமாக, பத்துப் பத்து நாட்கள், நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் செய்கிறோம். வரியையும் சேர்த்தால் ஆண்டுக்கு 3,540 ரூபாய். வட்டம் மூன்று கிலோமீட்டர். ஆற்றுக்கு மறுகரை அதில் சேராதபடி பார்த்துக்கொள்கிறோம். படத்தில் இட்லியை விடக் கடையின் முன்வாசலே பெரிதாகத் தெரிகிறது. பார்ப்பதற்கு அவ்வளவு அழகில்லை, விருப்பக் குறிகளும் குறைவு. வருபவர்கள் வழி கேட்காமல் வந்துவிடுகிறார்கள். புதிதாக வருபவரிடம், எங்களை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். எந்தச் செலவு எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்பதற்கு எங்களிடம் உள்ள ஆராய்ச்சி அந்த நோட்டுத்தான். கிரைண்டருக்குப் புதுக் கல்லும் 2024 ஆகஸ்டில் போட்டாயிற்று. ஓராண்டு தேய்ந்த கல்லிலேயே அரைத்தோம், மாவின் நயம் குறைந்ததைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

எந்தெந்தச் சொற்களைத் தேடி மக்கள் நம்மிடம் வந்தார்கள் என்பதையும் கூகுள் பதிவு மாதந்தோறும் காட்டுகிறது; கட்டணமில்லாமல் கிடைக்கும் இதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. சென்ற முறை பார்த்தபோது, ‘அடை மாவு’ என்று தமிழிலேயே சிலர் தேடியிருந்தார்கள். நாங்கள் அடை மாவு விற்பதில்லை. யாரோ நம்மவர்கள் புதிதாக இப்பக்கம் குடிவந்திருக்கிறார்கள் போலும். வருகிற சனிக்கிழமை பத்துக் கிலோ மட்டும் அரைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.